விளக்கைக் கூட்டாதீர்கள்: மங்கிய வெளிச்சத்தில் மீன்தொட்டிச் செடிகள்

தொட்டியில் செடி சோர்ந்தால் பலர் உடனே செய்வது, இன்னும் பிரகாசமான விளக்கை வாங்கி மாட்டுவது. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன், ஜாவா மாஸ் போன்ற நிழல்செடிகளுக்கு அதனால் பெரும்பாலும் பயனில்லை. பயனடைவது கண்ணாடியிலும் இலையிலும் படரும் பாசிதான்.

காரணம் கார்பனில் இருக்கிறது. ஒளிச்சேர்க்கைக்கு வெளிச்சத்தோடு கார்பன் டை ஆக்சைடும் வேண்டும். அந்த வாயு காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. காற்றோடு சமநிலையில் இருக்கும் நீரில் அது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூட இருப்பதில்லை. மீனும் நுண்ணுயிரிகளும் மூச்சுவிடுவதால் தொட்டியில் சற்றே கூடும், அவ்வளவுதான். வெளிச்சம் குறைவாக இருக்கும்வரை இந்தச் சொற்ப வரவு செடிக்குப் போதும். வெளிச்சத்தைக் கூட்டினால் கார்பன் தேவையும் கூடுகிறது, வரவோ கூடுவதில்லை. செடி பயன்படுத்த முடியாத வெளிச்சத்தைப் பாசி எடுத்துக்கொள்கிறது.

நிழல்செடிகள் சிக்கனமாக வாழ்பவை. சுவாசத்தில் செலவாகும் சர்க்கரையை ஈடுகட்ட அவற்றுக்கு மிகக் குறைந்த வெளிச்சமே போதும். அனுபியாஸ் ஏறக்குறைய மாதத்துக்கு ஓர் இலைதான் விடும். ஆனால் அந்த இலை தடித்தது, ஓராண்டுக்கு மேலும் நிற்கக்கூடியது. இதில் ஒரு வம்பும் உண்டு: அவ்வளவு காலம் அசையாமல் நிற்கும் இலைமேல் பாசி நிதானமாகக் குடியேறிவிடும். அதனால் அனுபியாஸை விளக்குக்கு நேர்கீழே வைக்காமல், மரக்கட்டையின் நிழலில் வைப்பது நல்லது.

சுமார் 60 லிட்டர் தொட்டிக்கு 600 முதல் 900 லூமன் (விளக்குப் பெட்டியில் போட்டிருக்கும் வெளிச்ச அளவு) தரும் எல்இடி விளக்கு தாராளம். முதல் மாதம் நாளுக்கு 6 மணி நேரம், பிறகு 8 வரை போகலாம். டைமர் மாட்டிவிடுங்கள், நினைத்த நேரத்தில் போட்டு, அணைக்க மறந்துவிடும் விளக்கைவிட மங்கலான, ஒழுங்கான விளக்கு மேல். ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது.

நடுவதில்தான் பலரும் செடியைக் கொல்கிறார்கள். அனுபியாஸுக்கும் ஜாவா ஃபெர்னுக்கும் இஞ்சிபோல் கிடையாக வளரும் தடித்த தண்டு உண்டு. இலையும் வேரும் அதிலிருந்தே கிளம்பும். அதை மணலில் புதைத்தால் காற்றோட்டமின்றி அழுகி, பழுப்பாகி, குழைந்து நாறும். எனவே கல்லிலோ கட்டையிலோ கட்ட வேண்டும். பருத்தி நூல் போதும். கெட்டியான ஜெல் வகை சூப்பர் க்ளூ இன்னும் வசதி: தண்டின் அடியை ஒற்றித் துடைத்து, இரண்டு மூன்று துளி வைத்து, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நீர் பட்டதும் அது வெள்ளையாக இறுகிவிடும், மீனுக்குத் தீங்கில்லை. ஓரிரு மாதத்தில் வேர் தானாகப் பற்றிக்கொள்ளும். அழுகல் தொடங்கிவிட்டால், உறுதியான பச்சைப் பகுதி வரும்வரை வெட்டித் தள்ளுங்கள். மூன்று நான்கு இலையுள்ள துண்டு பிழைத்துக்கொள்ளும். ஜாவா ஃபெர்ன் இலையின் அடியில் வரிசையாகத் தெரியும் கரும்புள்ளிகள் நோயல்ல, செடி இனம்பெருக்க உதவும் வித்துத்தொகுதிகள்.

கிரிப்டோகோரைனுக்கு நேர்மாறான ஏற்பாடு. குறைந்தது 5 செ.மீ. ஆழமுள்ள மணலில் வேரைப் புதைத்து, இலை கிளம்பும் இடம் மட்டும் மேலே தெரிய விடவேண்டும். வேருக்கருகே உர மாத்திரை ஒன்றை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை செருகலாம். வாங்கி வந்த ஓரிரு வாரத்தில் இதன் இலைகள் கண்ணாடிபோல் மங்கிக் கரைந்துவிட்டால் பதறவேண்டாம். பண்ணைகளில் இவற்றைப் பெரும்பாலும் இலை காற்றில் இருக்கும்படி வளர்க்கிறார்கள். அந்த இலை நீருக்கடியில் உதவாது என்பதால் செடியே அதைக் கைவிடுகிறது. வேரைப் பிடுங்காமல் விட்டால் சில வாரங்களில் நீர்வாழ்வுக்கேற்ற புது இலை வரும். கரையும் இலைகளை மட்டும் அன்றாடம் எடுத்துவிடுங்கள். கிடந்து அழுகினால் மீனுக்கு நஞ்சான அமோனியா கூடும்.

உரத்தில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் மீன் தீவனம் வழியாகவே வந்துவிடும். குறைவது பெரும்பாலும் பொட்டாசியமும் இரும்பும். எது குறைவென்று இலையே சொல்லும். பொட்டாசியமும் நைட்ரஜனும் செடிக்குள் இடம்பெயரக்கூடியவை. தட்டுப்பாடு வந்தால் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புதியதற்குக் கொடுக்கும். ஆகவே பழைய இலையில் ஊசித்துளைகள் விழுந்தால் பொட்டாசியத்தையும், பழைய இலை முழுதும் மஞ்சளானால் நைட்ரஜனையும் சந்தேகிக்கலாம். இரும்பை அப்படி நகர்த்த முடியாது. எனவே அது குறைந்தால் புது இலைதான் வெளிறும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றி, திரவ உரத்தை லேபிளில் சொன்னதில் பாதி ஊற்றுங்கள். மெதுவாக வளரும் செடிக்கு முழு அளவு அதிகம்.

‘திரவக் கார்பன்’ என்று விற்பவற்றில் பல, குளூட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினியின் கரைசல்கள். பாசியை அடக்கும் என்பது உண்மை, ஆனால் நாடாபோல் நீண்ட இலையுள்ள வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடி அதில் கரைந்துபோகக்கூடும். மங்கிய தொட்டியில் அதற்குத் தேவையே இல்லை.

புதுத் தொட்டியில் முதல் சில வாரங்கள் படியும் பழுப்புப் பூச்சு டயாட்டம் வகைப் பாசி. விரலால் துடைத்தால் போய்விடும், பெரும்பாலும் தானாகவே ஓய்ந்தும் விடும். பச்சைப் புள்ளிகள் கூடினால் முதலில் விளக்கு நேரத்தை ஒரு மணி குறைத்து இரண்டு வாரம் பாருங்கள். கருந்தாடிபோல் பாசி பிடித்த இலையைத் தேய்த்துப் பயனில்லை; காம்போடு வெட்டிவிடுங்கள், ஆனால் ஒரே நேரத்தில் செடியின் இலைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டவேண்டாம்.