‘ஹார்ட்’ என்று அழுத்தினால் உள்ளே என்ன மாறுகிறது?

புது கேம் ஒன்றைத் திறந்ததும் முதலில் வரும் கேள்வி: ஈசி, நார்மல், ஹார்ட், எது வேண்டும்? எப்படி ஓடுவது, எப்படிச் சுடுவது என்றே தெரியாத நேரத்தில் கேட்டால் என்ன பதில் சொல்வது? ஈசியை அழுத்தக் கூச்சப்பட்டே பலர் நார்மலுக்கோ ஹார்டுக்கோ போய்விடுகிறார்கள். ஹார்டில் எதிரிகளுக்கு மூளை கூடிவிடும் என்ற நினைப்பும் இருக்கிறது. பெரும்பாலும் அங்கே மாறுவது சில எண்கள்தான்.

1993-ல் வந்த ‘டூம்’ விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அதில் 5 நிலைகள். அரக்கன், தோட்டாப் பெட்டி, மருந்துப் பெட்டி என்று மேப்பில் வைத்திருக்கும் ஒவ்வொன்றோடும், அது எளிய நிலையில் வர வேண்டுமா, நடுநிலையிலா, கடின நிலையிலா என்ற குறிப்பும் சேர்ந்தே பதிவாகியிருக்கும். நீங்கள் தேர்ந்தெடுத்த நிலைக்குப் பொருந்தாதவை மேப் திறக்கும்போதே விடுபட்டுவிடும். சுவரும் கதவும் பாதையும் அப்படியே இருக்கும். அறைக்குள் காத்திருக்கும் கூட்டம்தான் வேறு.

நிலைகள் 5 என்றாலும் இந்தக் குறிப்பு 3 வகைதான். முதல் இரண்டு நிலைகளிலும் வருவது ஒரே கூட்டம். அப்படியானால் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? முதல் நிலையில் உங்கள்மேல் விழும் அடி பாதியாகிறது, பொறுக்கும் தோட்டா இரண்டு மடங்காகிறது. அவ்வளவுதான். கடைசி இரண்டு நிலைகளுக்கும் கூட்டம் ஒன்றே. ஆனால் ஐந்தாவதில் செத்த அரக்கன் கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்து வருவான். சில அரக்கர்கள் வீசும் நெருப்புருண்டையும் வேகமாகப் பாயும். அங்கேயும் தோட்டா இரண்டு மடங்கு கிடைக்கிறது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். எழுந்து எழுந்து வரும் கூட்டத்தைச் சமாளிக்கத் தோட்டாவாவது வேண்டாமா?

உத்தி விளையாட்டுகளில் வேறு வழி. ‘சிவிலைசேஷன் 6’-ல் உச்சபட்ச நிலையைத் தேர்ந்தெடுத்தால், நீங்கள் ஒரே ஒரு குடியேறிக் குழுவோடு தொடங்குவீர்கள். கணினி ஆடும் நாடுகள் மூன்றோடு தொடங்கும். கணினிக்கு அறிவு கூடவில்லை, கையில் முதல் கூடியிருக்கிறது.

என்னைக் கேட்டால், எண்ணை மட்டும் ஏற்றுவது மட்டமான வழி. எதிரியின் உயிரை இரண்டு மடங்காக்கினால், 5 குண்டில் விழுந்தவன் 10 குண்டில் விழுவான். புதிதாக யோசிக்க எதுவும் இல்லை, விரல்தான் வலிக்கும். டூம் செய்ததுபோல் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை மாற்றினால், நீங்களும் ஆட்டத்தை மாற்றியே ஆக வேண்டும்.

சரி, நம்மைக் கேட்காமலேயே விளையாட்டு தானாகக் கணித்துக்கொண்டால்? 2005-ல் வந்த ‘ரெசிடெண்ட் ஈவில் 4’ அதைத்தான் செய்தது. உள்ளே 1 முதல் 10 வரை ஒரு ரகசிய அளவுகோல் உண்டு. நன்றாக ஆடினால் அளவு மெல்ல ஏறும்; அடி வாங்கினால் இறங்கும், செத்தால் இன்னும் கீழே போகும். அளவு இறங்கினால் எதிரியின் அடியில் காட்டம் குறையும். சில இடங்களில், தொடர்ந்து செத்தால் சில எதிரிகள் வரவே மாட்டார்கள். திரையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. மறைத்ததற்கு நியாயம் உண்டு: தெரிந்துவிட்டால் வேண்டுமென்றே நாலு தடவை செத்து வழியை லேசாக்கிக்கொள்ளலாம், அப்புறம் ஜெயித்ததிலும் ருசி இருக்காது. மிகக் கடினமான ‘புரொஃபெஷனல்’ நிலையில் மட்டும் அளவுகோல் உச்சத்திலேயே பூட்டப்பட்டிருக்கும்.

இதற்கு நேர் எதிராக, எல்லாச் சாவியையும் ஆடுபவர் கையிலேயே கொடுத்துவிடுவது இன்னொரு வழி. 2018-ல் வந்த ‘செலஸ்ட்’ மலையேறும் விளையாட்டு, கடினத்துக்குப் பேர்போனது. அதிலும் ஓர் உதவி முறை இருக்கிறது: ஆட்டத்தின் வேகத்தை 50 சதவீதம் வரை குறைக்கலாம், கைப்பிடியின் தெம்பு தீராமல் வைத்துக்கொள்ளலாம், சாகாமலேயே கடக்கலாம். கை நடுங்குபவருக்கும் கண் மெதுவாகப் பிடிப்பவருக்கும் மலை உச்சி எட்டுவது இதனால்தான்.

2020-ல் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ அந்த ஒரே பொத்தானையே 5 துண்டாக்கியது: நீங்கள் வாங்கும் அடி, எதிரிகள், கூட வருபவர்கள், மறைந்து நகர்வது, கிடைக்கும் பொருட்கள். சண்டையில் கில்லாடியாக இருந்தும் தோட்டாவைச் சிக்கனமாகச் செலவழிக்க வராதவர், பொருட்களை மட்டும் இறக்கிவிட்டு மற்ற நான்கையும் ஹார்டிலேயே வைத்துக்கொள்ளலாம். கதையின் நடுவில் நிறுத்தியும் மாற்றிக்கொள்ளலாம்.