கேமரா மாட்டுன ரோபோ, நில்லுன்னா நிக்குமா?

காலேஜ் சிம்போசியத்துல போட்டிக்கு முன்னாடி ரோபோ செக் பண்ண என்னை அடிக்கடி கூப்பிடுவாங்க, இப்பல்லாம் நெறைய டீம் லைவ் கேமராவோடதான் வர்றாங்க. ஈஎஸ்பி32 கேம்னு வைஃபையும் கேமராவும் சேந்த சின்ன போர்டு, விலை கம்மி, யூடியூப் பாத்து செஞ்சா ஒரே ராத்திரில போன்ல வீடியோ வந்துடுது. சந்தோஷம்தான், ஆனா வீடியோ, மோட்டார் கமாண்ட் ரெண்டையும் அதே போர்டு அதே வைஃபைல விடுறாங்க பாருங்க, அங்கதான் எனக்கு பயம்.

பட்டனை அழுத்துனா "போ", கைய எடுத்தா "நில்லு", அவ்ளோதான் அந்த புரோகிராம். ஹால்ல இருக்குற ஹாட்ஸ்பாட், புளூடூத் முக்கால்வாசி 2.4 ஜிகாஹெர்ட்ஸ்லதான் ஓடுது, இந்த போர்டுக்கு 5 ஜிகாஹெர்ட்ஸ் கிடையவே கிடையாது, அந்த நெரிசல்ல வைஃபை கட்டாகி "நில்லு" வந்து சேரலன்னா வண்டி கடைசியா கேட்டதையே செஞ்சுட்டு நேரா ஆடியன்ஸ் பக்கம் போகும். அதனால நான் வண்டிய தூக்கி வெச்சு சக்கரம் சுத்தும்போதே போன்ல வைஃபைய ஆஃப் பண்ண சொல்லுவேன். சக்கரம் நிக்கலையா, உள்ள விடமாட்டேன், எவ்ளோ கெஞ்சினாலும் சரி.

சரி பண்றது பெரிய வேலை இல்ல. பட்டன் அழுத்தி இருக்குற வரைக்கும் போன் திரும்பத் திரும்ப கமாண்ட் அனுப்பணும், அரை செகண்ட் எதுவும் வரலன்னா போர்டே மோட்டார ஆஃப் பண்ணிடணும். கன்ட்ரோலுக்கு தனியா ஆர்சி ரிமோட் (ரேடியோல ஓடுற ரிமோட்) வெச்சா இன்னும் நல்லது, ஆனா அதுலயும் ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் போனா வண்டி தானா நிக்கிற மாதிரி செட் பண்ணணும், ரிமோட்டும் பெரும்பாலும் 2.4தான்ங்கறதால கேமராவ வண்டில இருக்குற ரிசீவர் ஆன்டெனா பக்கத்துல ஒட்டாதீங்க. அமெரிக்காவுல ஸ்கூல் பசங்களுக்கு நடக்குற எஃப்ஆர்சி ரோபோ போட்டில டீம் சொந்தமா வேற வயர்லெஸ் கேமரா மாட்டவே கூடாது, வீடியோவும் அவங்க சொல்ற ரேடியோ வழியாத்தான் போகணும், எவ்ளோ டேட்டா போகலாம்னு அதுக்கும் ஒரு அளவு உண்டு.

அடுத்தது பவர். மோட்டார ஓட்டுற எல்298என் டிரைவர் போர்டுல இருக்குற 5 வோல்ட்ல கேமராவுக்கு லைன் எடுக்காதீங்க, வண்டி ரிவர்ஸ் அடிக்கும்போது வோல்டேஜ் விழுந்து போர்டு ரீஸ்டார்ட் ஆகும், படமும் போச்சு கன்ட்ரோலும் போச்சு. பேட்டரில இருந்து வோல்டேஜ குறைச்சு தர்ற பக் கன்வெர்ட்டர் ஒண்ணு தனியா போடுங்க.

அப்புறம் வீடியோ சைஸ் 1600×1200 எல்லாம் எதுக்குங்க, 320×240 போதும், பெருசா வெச்சா படம் லேட்டா வரும். செகண்டுக்கு 2 மீட்டர் போற வண்டில வீடியோ 0.3 செகண்ட் லேட்டுன்னா நீங்க பாக்குற இடத்தை வண்டி 60 செ.மீ. தாண்டியிருக்கும். வேற ஒரு போன்ல ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டு கேமரா முன்னாடி வெச்சு, நிஜ ஸ்டாப்வாட்ச், ஸ்கிரீன்ல தெரியுறது ரெண்டையும் சேத்து ஒரு போட்டோ எடுங்க, வித்தியாசம்தான் உங்க டிலே. இதை ரூம்ல பண்ணாதீங்க, ஹால்ல கூட்டம் வந்தப்புறம் பண்ணுங்க.