டீஇனிட் ஓடாத திரைகள்

ஐஓஎஸ் ஆப்களில் என்னிடம் வரும் மெமரி கோளாறுகளைத் தோண்டினால், பாதிக்கு மேல் ஏதாவது ஒரு டைமரில் போய் நிற்கும். 2011-இல், ஆப்ஜெக்ட்களின் பிடிகளைத் தானே எண்ணி மெமரியை விடுவிக்கும் ஏஆர்சி வந்ததோடு ரீடெய்ன் (பிடி), ரிலீஸ் (விடு) என்று கையால் எழுதும் பாடு ஒழிந்தது. அதோடு பாயின்டர் (மெமரியில் ஆப்ஜெக்ட் இருக்கும் முகவரி) என்ற நினைப்பும் போய்விட்டதுதான் தொல்லை. ஐஓஎஸ் ஆப் எழுதும் ஸ்விஃப்ட் மொழியில் ஒரு கிளாஸ் ஆப்ஜெக்ட்டை வேரியபிளில் வைத்தால், உள்ளே இருப்பது இன்றும் பாயின்டர்தான். அதைப் பிடித்திருப்பவர்களின் எண்ணிக்கை பூஜ்யமானால்தான் ஆப்ஜெக்ட் போகும். ஒன்றையொன்று பிடித்துக்கொண்ட இரண்டு ஆப்ஜெக்ட்களை ஆண்ட்ராய்டில் வேண்டாத மெமரியைத் தேடி அள்ளும் கார்பேஜ் கலெக்டர் கண்டுபிடித்துவிடும், ஏஆர்சி கண்டுபிடிக்காது.

சாப்பாடு எங்கே வருகிறது என்று காட்டும் டெலிவரி திரையை எடுத்துக்கொள்வோம். 5 விநாடிக்கு ஒருமுறை சர்வரைக் கேட்க ஒரு டைமர், அதற்கு டார்கெட் செல்ஃப், அதாவது டைமர் கூப்பிடுவது இதே திரையை. ஆப்பின் நிகழ்வுகளை ஓட்டும் சுழற்சியான ரன்லூப் டைமரைப் பிடிக்கிறது, டைமர் திரையைப் பிடிக்கிறது. டைமர் வேரியபிளை வீக் (எண்ணிக்கையில் சேராத பிடி) ஆக்கிவிட்டுச் சிலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். பிடி அந்தப் பக்கத்தில் இல்லையே! டைமரை நிறுத்தும் இன்வாலிடேட்டை, ஆப்ஜெக்ட் போகும்போது ஓடும் டீஇனிட்டுக்குள் எழுதுவதோ, சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிய கதை. திரை போனால்தான் டீஇனிட் ஓடும், டைமர் நின்றால்தான் திரை போகும். பயனர் 4 முறை உள்ளே போய் வெளியே வந்தால், 4 திரைகளும் உயிரோடு இருந்து சர்வரைத் தட்டிக்கொண்டிருக்கும்.

இதை ஆப்பிளின் சோதனைக் கருவியான இன்ஸ்ட்ருமென்ட்ஸின் லீக்ஸ் காட்டாது. ஆப்பிலிருந்து எட்ட வழியே இல்லாமல் அனாதையான மெமரியைத்தான் அது தேடும். இதையோ ரன்லூப் பிடித்திருக்கிறது. ஆப் எழுதும் கருவியான எக்ஸ்கோடில், யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டும் மெமரி கிராஃப் திறந்து, திரையை மூடிய பிறகும் அதன் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். டீஇனிட்டில் ஒரு பிரின்ட் போட்டாலே பாதி தெரிந்துவிடும்.

அந்தத் திரையில் 12 மெகாபிக்சல் படம் ஒன்று இருந்தால் கணக்கு இன்னும் மோசம். 4032 x 3024, பிக்சலுக்கு 4 பைட்: ஃபைல் 3 எம்பிதான் என்றாலும் முழு அளவில் டீகோட் ஆனால் கிட்டத்தட்ட 49 எம்பி. மெமரி நெருக்கடி வந்ததும் ஐஓஎஸ்ஸின் மெமரி காவலாளியான ஜெட்சம் ஆப்பைக் கொன்றுவிடும். வழக்கமான கிராஷ் லாக் இருக்காது; "ஆப் தானா மூடிக்குது சார்" என்ற புகார்தான் வரும்.

ஐஓஎஸ் 10 முதல் இருக்கும், டார்கெட்டுக்குப் பதில் ஒரு கோட் துண்டை வாங்கும் பிளாக் டைமரில் வீக் செல்ஃப் போட்டால் திரைமீதுள்ள பிடி விட்டுவிடும். டீஇனிட்டில் எழுதிய இன்வாலிடேட்டும் அப்போதுதான் வேலை செய்யும். கேள்விக்குறி போடச் சோம்பல்பட்டு வீக் இருக்க வேண்டிய இடத்தில் அன்ஓன்ட் (ஆப்ஜெக்ட் இன்னும் இருக்கிறது என்று நம்பிக்கொள்ளும், எண்ணிக்கையில் சேராத பிடி) போடுகிறவர்களும் உண்டு. ஆப்ஜெக்ட் போனபின் அதைத் தொட்டால் ஆப் அங்கேயே கிராஷ் ஆகும். கோட் ரிவ்யூவில் டைமர் பிளாக்குக்குள் அன்ஓன்டைப் பார்த்தால் நான் அப்ரூவ் செய்வதில்லை.