தீ அணைந்ததைச் சொல்லாத சென்சார்

போன வாரம் மறுபடியும் அதே மாதிரி ஓர் அழைப்பு. “சார், ஃபர்னஸ் கதவு பிய்ந்துவிட்டது, கொஞ்சம் வந்து பாருங்கள்.” போனேன். கதவு ஒற்றைக் கீலில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே சூடு தாங்கும் ரிஃப்ராக்டரி செங்கல் இரண்டு வரிசை சரிந்திருந்தது. ஃபர்னஸுக்குள் சரக்கு (சார்ஜ்) ஏற்றுகிற தம்பி அந்த நேரம் பார்த்து ஸ்டோருக்குப் போயிருந்ததால் உயிரோடு இருக்கிறார். அவர் வழக்கமாக நிற்கும் இடத்தைக் காட்டினார்கள். அங்கே ஒரு முழுச் செங்கல் கிடந்தது.

காஸ் லைனை மூடிவிட்டு, பேனலுக்கு மட்டும் கரண்ட் கொடுத்து, பர்னரின் யூவி செல்லை, அதாவது புற ஊதா ஒளியை வைத்துத் தீ எரிகிறதா என்று சொல்லும் சென்சாரை, கழற்றினேன். தடித்த கறுப்புத் துணியில் சுற்றி வைத்தேன். அந்த இருட்டுக்குள்ளிருந்தும் அது தீ எரிகிறது என்று சிக்னல் கொடுத்துக்கொண்டே இருந்தது.

மெயின்டனன்ஸ் பொறுப்பாளர் பக்கத்தில்தான் நின்றார். “இது நல்ல செல் சார். போட்ட நாளிலிருந்து ஒரு தடவைகூட ட்ரிப் ஆனதில்லை” என்றார்.

இந்த வாக்கியத்தை இந்த வருஷம் மட்டும் மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். மூன்று தடவையும் வெடித்த ஃபர்னஸுக்குப் பக்கத்தில் நின்றுதான் கேட்டேன். அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்லிவிடுகிறேன்.

ட்ரிப் ஆகவில்லை, அதாவது பர்னரை நிறுத்தவில்லை என்பது சென்சார் நன்றாக இருப்பதற்கு அத்தாட்சி ஆகாது. சென்சாரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் தீ இருப்பதாகவே எப்போதும் சொல்லும் ஒரு பொம்மையை வைத்தாலும் ட்ரிப் ஆகாது. ஐந்து வருஷம் ஆனாலும் ஆகாது. பர்னர் ஓடிக்கொண்டிருக்கும்போது நல்ல சென்சாரும் கெட்டுப்போன சென்சாரும் பேனலில் ஒரே பச்சை விளக்கைத்தான் காட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவது தீ அணைகிற அந்த ஒரு நொடியில்தான். தீ எரிகிறது என்று சொல்ல நமக்குச் சென்சாரே தேவையில்லை, பீப் ஹோலில் கண்ணை வைத்தால் தெரிந்துவிடும். தீ இல்லை என்று சொல்வதற்காகத்தான் அதை வாங்கி மாட்டியிருக்கிறோம். அந்த வேலையை அது செய்கிறதா என்று எத்தனை பேர் சோதித்திருக்கிறீர்கள்? நான் கேட்கும் இடங்களில் பாதிப்பேர், “கமிஷனிங் அன்றைக்குப் பார்த்தோம்” என்கிறார்கள். மீதிப்பேர் பதிலே சொல்வதில்லை.

அந்த ஃபர்னஸில் நடந்தது இதுதான். சுமார் 500 டிகிரியில் வைத்திருக்கும் ஃபர்னஸ், ஐந்து மாதமாக நிறுத்தாமல் ஓடியது. இடையில் எப்போதோ செல்லுக்குள் இருக்கும் யூவி ட்யூப் கெட்டு, ஓயாமல் சிக்னல் கொடுக்கும் நிலைக்குப் போய்விட்டது. யாருக்கும் தெரியவில்லை. பிறகு ஒருநாள் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் டேம்பரின் லிங்க் கழன்று, தீ அணைந்தது. சென்சாரை நம்பும் பர்னர் கண்ட்ரோலர் காஸ் வால்வை மூடவில்லை. சூடு இறங்க ஆரம்பித்ததும் டெம்பரேச்சர் கண்ட்ரோலர் என்ன செய்யும்? இன்னும் காஸ் கொடு என்று வால்வை முழுசாகத் திறக்கும். அதைத்தான் செய்தது.

இதில் எவ்வளவு காஸ் சம்பந்தப்பட்டது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 மெகாவாட் பர்னர் மணிக்கு ஏறக்குறைய 100 கனமீட்டர் இயற்கை எரிவாயு குடிக்கும். அதாவது நொடிக்கு 28 லிட்டர். இயற்கை எரிவாயு காற்றில் 5 முதல் 15 சதவீதம்வரை கலந்திருந்தால் பற்றும். நன்றாக எரிவதற்காகப் பர்னர் கலந்து கொடுக்கும் கலவையோ 9 சதவீதத்தை ஒட்டி இருக்கும். வெடிக்கும் எல்லைக்கு உள்ளேதான் அது எப்போதும் இருக்கிறது. தீ அணைந்த பிறகும் புளோயரும் காஸும் ஓடினால் ஒரு நிமிஷத்தில் 18 கனமீட்டர் வெடிகலவை ஃபர்னஸுக்குள் சேர்ந்துவிடும். அதற்கு மேல் ஒரு தீப்பொறி போதும். சில சமயம் அதுவும் வேண்டாம், ஏதோ ஒரு மூலையில் சூடு குறையாத செங்கல் போதும்.

இதனால்தான் நேரத்துக்கு இவ்வளவு கறாரான வரம்பு. ஐரோப்பிய ஈஎன் 298 தரத்தின்படி வருகிற கண்ட்ரோலர்கள் பெரும்பாலும் தீ போன 1 நொடியில் வால்வுக்குக் கரண்டை நிறுத்தும். அமெரிக்காவின் என்எஃப்பிஏ 86 தரம் அதிகபட்சம் 4 நொடி தருகிறது. நிமிஷக் கணக்குக்கு எங்கேயும் இடமில்லை.

எல்லாச் சென்சாரும் ஒரே மாதிரி கெட்டுப்போவதில்லை. இதைப் புரிந்துகொண்டால் பாதி விபத்துகள் நின்றுவிடும்.

ஃபிளேம் ராட், அதாவது தீக்குள் நீட்டியிருக்கும் உலோகக் கம்பி, பெரும்பாலும் நல்ல பக்கம் சாய்ந்து கெடும். தீ மின்சாரத்தைக் கடத்தும். ராடுக்கு ஏசி கொடுத்தால், சின்ன ராடுக்கும் பெரிய பர்னர் உடலுக்கும் நடுவில் கரண்ட் ஒரு திசையில் அதிகமாகப் பாயும். தீயில் படும் பர்னர் பரப்பு ராடின் பரப்பைவிட நான்கு மடங்காவது இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். கண்ட்ரோலர் தேடுவது அந்த ஒருதிசைக் கரண்டை, அதுவும் சில மைக்ரோ ஆம்ப் அளவில். செராமிக்கில் கரி படிந்தாலும், ஈரம் ஏறினாலும், ராட் வளைந்து பர்னரில் தொட்டாலும் கரண்ட் இரண்டு திசையிலும் ஒரே அளவில் போகும். அது தீ இல்லை என்று கண்ட்ரோலருக்குத் தெரியும், பர்னர் நிற்கும். ராட் அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று திட்டாதீர்கள். அழுக்காகிவிட்டேன் என்று அது சொல்லும் விதம் அதுதான். துடையுங்கள், எர்த் தொடர்பைப் பாருங்கள், செராமிக்கில் கீறல் இருந்தால் மாற்றுங்கள்.

யூவி ட்யூப் அப்படிப்பட்டதில்லை. சூரிய வெளிச்சத்துக்கும் சாதாரணமாகச் சிவந்த செங்கலுக்கும் ஏமாறாது என்பதால் எல்லோருக்கும் அதைப் பிடிக்கும், எனக்கும்தான். ஆனால் ஆயுள் முடியும்போது இரண்டு விதமாக முடியலாம். பார்வை மங்கி ட்ரிப் ஆகலாம், அதனால் உற்பத்தி மட்டும்தான் கெடும். அல்லது உள்ளே மின்னிறக்கம் தானாகவே தொடர்ந்து நடந்து, தீ இல்லாதபோதும் இருக்கிறது என்று சொல்லலாம். இதுதான் ஆளைக் கொல்லும்.

கண்ட்ரோலர் இதைப் பிடிக்காதா என்று கேட்பீர்கள். பிடிக்கும், ஆனால் ஸ்டார்ட் ஆகும்போது மட்டும். பர்னரைப் பற்றவைக்கும் முன் ஏற்கெனவே தீ சிக்னல் வந்தால் அது லாக்அவுட்டுக்குப் போய்விடும், அதாவது ஆள் வந்து ரீசெட் செய்யும்வரை பற்றவைக்காது. அதனால் தினமும் நின்று நின்று ஓடும் பர்னருக்குச் சாதாரண யூவி செல் போதும். 24 மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது நிற்காத பர்னருக்கு, தன்னைத்தானே சோதிக்கும் வகைதான் போட வேண்டும். அதில் ஒரு சின்ன ஷட்டர் சில நொடிகளுக்கு ஒரு முறை கண்ணை மூடித் திறக்கும். மூடியிருக்கும்போது சிக்னல் வந்தால் ட்யூப் கெட்டுவிட்டது என்று பர்னர் நின்றுவிடும். இரண்டு வகையும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றாக இருக்கும், விலைதான் வேறு. வாங்கும் பிரிவு எந்த வகையை வாங்குகிறது என்று தயவுசெய்து ஒருவர் பாருங்கள். அந்த ஃபர்னஸில் முதலில் ஷட்டர் வகைதான் இருந்ததாம். அது அடிக்கடி நிறுத்துகிறது என்று சாதாரண வகைக்கு மாற்றியிருக்கிறார்கள். அந்த ஷட்டர் அவர்களை எச்சரித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

இன்னொன்று, ஆயுள். பல ட்யூப்களுக்கு 10,000 மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். வருஷத்துக்கு 8,760 மணி நேரம். நிற்காமல் ஓடினால் பதினான்கு மாதம்கூட வராது. சூடான இடத்தில் பொருத்தியிருந்தால் இன்னும் குறையும். மாட்டிய தேதியைச் செல்லின் மேலேயே மார்க்கரில் எழுதுங்கள். பதிவேட்டைத் தேடி எடுப்பதற்குள் யாரும் பொறுமையோடு இருக்க மாட்டார்கள்.

எண்ணெய் பர்னர்களில் வரும் போட்டோசெல் எந்த வெளிச்சத்தையும் தீ என்று நம்பும். அதைச் சிவந்த செங்கலைப் பார்க்கும்படி வைத்தால் கதை முடிந்தது. தீயின் துடிப்பைப் பார்க்கும் இன்ஃப்ராரெட் வகை பரவாயில்லை. ஆனால் சூடான செங்கலுக்கு முன்னால் புகை அலைந்தால் அதுவும் ஏமாற வாய்ப்பு உண்டு.

“ஃபர்னஸ்தான் சூடாக இருக்கிறதே, காஸ் தானாகப் பற்றிக்கொள்ளுமே” என்று சொல்கிறவர்களும் உண்டு. மீத்தேன் தானாகப் பற்ற 540 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். அதுவும் ஆய்வகத்தில். நிஜ ஃபர்னஸில் 760 டிகிரிக்குக் கீழே அதை நம்பக் கூடாது என்று அதே என்எஃப்பிஏ 86 தரம் சொல்கிறது. காலையில் குளிர்ந்த ஃபர்னஸை ஏற்றும்போது எத்தனை மணி நேரம் அந்த 760க்குக் கீழே இருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது பைபாஸ். இதை நான் மென்மையாகச் சொல்லப் போவதில்லை. உற்பத்தி நிற்கக் கூடாது என்று சென்சாரை ஏமாற்றி வைப்பவர், பக்கத்தில் வேலை செய்பவரின் உயிரைக் கேட்காமலே பணயம் வைக்கிறார். பேனலுக்குள் இந்த மாதிரி வேலையைப் பார்த்தால் நான் பர்னரை நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். இதற்காக இரண்டு வாடிக்கையாளர்களை இழந்திருக்கிறேன், போகட்டும். “இன்றைக்கு ராத்திரி மட்டும்” என்று போட்ட பைபாஸை மறுநாள் காலையில் யாரும் எடுத்து நான் பார்த்ததில்லை. உதிரி செல் ஒன்றை அலமாரியில் வைத்திருந்தால் இந்த ஆசையே வராது.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. செல்லுக்கு முன்னால் இருக்கும் சைட் கிளாஸ் உடைந்தால் கையில் கிடைத்த சாதாரணக் கண்ணாடியை வெட்டிப் போடாதீர்கள், யூவி அதில் ஊடுருவாது, குவார்ட்ஸ்தான் வேண்டும். ட்யூப்பை விரலால் தொட்டிருந்தால் சுத்தமான துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். வயரை மாற்றி இணைத்தால் ஒரு விநாடியில்கூட ட்யூப் போய்விடலாம். சென்சார் கேபிளை இக்னிஷன் கேபிளோடு ஒரே பைப்பில் இழுக்காதீர்கள். செல் தீயைப் பார்க்கும் சைட் பைப் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும், இல்லாவிட்டால் தூசி சேர்ந்து அடைக்கும். சிக்னல் அளவை வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள், மெதுவாக இறங்கி வருவது தெரியும்.

ராத்திரி ஷிஃப்டில் இருக்கும் தம்பிகளே, தங்கைகளே, உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பர்னர் லாக்அவுட் ஆனால் ஒரு தடவை ரீசெட் செய்யுங்கள், புளோயர் ஓடி உள்ளே இருப்பதை முழுசாக வெளியே தள்ள விடுங்கள். அதற்குப் பிறகும் பற்றவில்லை என்றால் கையை எடுத்துவிடுங்கள். பற்றாத ஒவ்வொரு முயற்சியும் உள்ளே கொஞ்சம் காஸை விட்டுவிட்டுத்தான் நிற்கிறது. எல்பிஜி என்றால் அது காற்றைவிடக் கனம், தரையோடு தங்கிவிடும். இப்படிக் காற்றால் வெளியே தள்ளும் பர்ஜ் நேரத்தைக் குறைத்து வைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். ராத்திரி இரண்டு மணி என்றாலும் பரவாயில்லை, கூப்பிடுங்கள். தூக்கத்தில் எழுப்பியதற்காக யாரையும் நான் கோபித்ததில்லை.

சரி, சோதனைக்கு வருவோம். இரண்டு சோதனை இருக்கிறது, இரண்டும் வேண்டும். பர்னர் குறைந்த தீயில் ஓடும்போது செல்லைக் கழற்றிக் கண்ணை மூடுங்கள், பர்னர் உடனே நிற்க வேண்டும். ட்யூப் கெட்டிருந்தால் இதில் மாட்டிக்கொள்ளும். அப்புறம் மறுபடி பற்றவைத்து, செல்லை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, கையால் திறக்கும் காஸ் வால்வை மூடுங்கள். தீ போனதும் நொடியை எண்ணுங்கள், கண்ட்ரோலர் இயக்கும் காஸ் வால்வான சோலனாய்டு அடைபடும் சத்தம் கேட்க வேண்டும். செல் தன் தீயைப் பார்க்கிறதா, பக்கத்துப் பர்னரின் தீயையோ சிவந்த செங்கலையோ பார்த்துக்கொண்டிருக்கிறதா என்பது இதில்தான் தெரியும். ஒரே ஃபர்னஸில் நாலைந்து பர்னர் வைத்திருப்பவர்கள் இரண்டாவதை விடவே கூடாது. சத்தம் வரவில்லை என்றால் கையால் மூடிய அந்த வால்வைத் திறக்காதீர்கள், பர்னரை அப்படியே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். இதை முறையாகப் பயின்ற ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள். மாதம் ஒருமுறை, பத்து நிமிஷ வேலை.

கதவையும் செங்கலையும் சரிசெய்து முடித்து, ஷட்டர் வகைச் செல்லை மாட்டியதும் அங்கே இதைச் செய்தோம். ஸ்டோருக்குப் போயிருந்த அதே தம்பியைக் கூப்பிட்டு வால்வை மூடச் சொன்னேன். மூடினார். தீ அணைந்தது. ஒன்று என்று சொல்லி முடிப்பதற்குள் சோலனாய்டு ‘டக்’கென்று அடைபட்டது. ஏழு வருஷமாக அந்த ஃபர்னஸில் வேலை செய்கிறார். “இந்தச் சத்தத்தை இப்போதுதான் சார் முதல் தடவையாகக் கேட்கிறேன்” என்றார். அடுத்த மாதச் சோதனைத் தேதியைப் பேனல் கதவில் எழுதி, அதற்குக் கீழே அவர் பெயரையும் எழுதச் சொல்லிவிட்டு வந்தேன்.