கால் மில்லி காகிதம், இரண்டரை சிசி எஞ்சின்

மாடல் விமானத்தின் பழைய எஞ்சின் ஒன்று கைக்கு வருகிறது. இரண்டரை சிசி, எலுமிச்சம்பழ அளவுதான். வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்ததில் உள்ளே இருந்த விளக்கெண்ணெய் பிசினாக இறுகி, புரொப்பல்லரை அசைக்கவே முடியவில்லை. இவற்றின் எரிபொருளான மெத்தனாலில் கரையும் எண்ணெய் என்பதால்தான் இந்த எஞ்சின்களுக்கு விளக்கெண்ணெய். சாதாரண எஞ்சின் ஆயில் அதில் கலக்காது. ஹேர் டிரையரால் கொஞ்ச நேரம் சூடு காட்டினால் பிசின் இளகிவிடும். அப்புறம் திருகுகளைக் கழற்றிப் பிரித்தால், பின்மூடியோடு ஒட்டியிருந்த பேக்கிங், அதாவது கசிவை அடைக்க இடையில் வைக்கும் காகிதம், பொலபொலவென்று உதிரும். சேலம் முழுக்க டூவீலர் உதிரிபாகக் கடைகள் உண்டு; இந்த அளவு பேக்கிங் மட்டும் எங்கேயும் கிடைக்காது. நாமே வெட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு காகிதத் துண்டுக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்றால், இது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். பிஸ்டன் மேலே ஏறும்போது அடியிலுள்ள கிராங்க் கேஸ் என்ற மூடிய அறையில் அழுத்தம் குறைந்து, காற்றும் எரிபொருளும் உள்ளே இழுக்கப்படும். இறங்கும்போது அதே கலவை அமுக்கப்பட்டு, பக்கவழியாக சிலிண்டருக்கு ஏறும். நிமிடத்துக்கு 12,000 சுற்றில் ஓடினால் நொடிக்கு 200 தடவை இந்த இழுப்பும் தள்ளலும் நடந்தாக வேண்டும். அந்த அறையை அடைக்கும் பின்மூடியில் மயிரிழை வழி இருந்தாலும் அதன் வழியே வெறும் காற்று புகுந்து கலவையில் எரிபொருள் குறையும். எண்ணெயும் எரிபொருளோடுதான் வருகிறது என்பதால் உயவும் குறையும். எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் நீடிலை எத்தனை திருகினாலும் சீராக ஓடாது, சூடேறி நின்றுவிடும். பாவம், காரணம் தெரியாதவர்கள் பிளக்கை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

லேத்தில் கடைந்த அலுமினிய முகம் தடவினால் வழவழப்பாக இருக்கும். ஆனால் கருவி ஓடிய தடம் அதில் சில மைக்ரான் மேடுபள்ளமாகப் பதிந்திருக்கும். இரண்டு முகங்களை நேரடியாக இறுக்கினால் மேடுகள் மட்டுமே தொடும். பள்ளங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கசிவுக்கு வழியாகிவிடும். நடுவே காகிதம் இருந்தால் அதன் நார்கள் நசுங்கிப் பள்ளத்தில் இறங்கும். நார்களுக்கு இடையிலுள்ள துளைகளை எண்ணெய் அடைக்கும். அதனால் காகிதத்தை எண்ணெயில் நனைத்தே போட வேண்டும். கனமான பேக்கிங் நன்றாக அடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. கனம் கூடக்கூட உள்ளழுத்தம் தள்ளுவதற்கு விளிம்பில் அதிக இடம் கிடைக்கிறது. நாள்பட நசுங்கித் தளர்வதும் அதிகம்.

அதற்காக மிக மெல்லியதாகவும் போட முடியாது. பின்மூடி உள்ளே தள்ளிப்போய் உள்ளே சுழலும் கிராங்க் பின் (பிஸ்டனின் தண்டு மாட்டியிருக்கும் முளை) அதில் உரசும். ஆகவே பழைய பேக்கிங்கின் ஒரு துணுக்காவது கிடைத்தால் தூக்கிப்போடாமல் மைக்ரோமீட்டரில் கனம் பாருங்கள். ஏ4 தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ.; கடையில் தாளாகக் கிடைக்கும் பேக்கிங் பேப்பரில் கால் மில்லி பெரும்பாலும் சரியாக வரும்.

பெரிய எஞ்சின் என்றால் மெக்கானிக் காகிதத்தை முகத்தின் மேல் வைத்து, உருண்டைமுனைச் சுத்தியலால் விளிம்பைத் தட்டியே வெட்டிவிடுவார். பார்க்க அழகாக இருக்கும். இங்கே அப்படித் தட்டினால் மெல்லிய விளிம்பு மழுங்கிவிடும். முகத்தில் ஸ்டாம்ப் பேட் மையை லேசாக ஒற்றிக் காகிதத்தில் அழுத்தினால் அச்சு விழும். முதலில் திருகு ஓட்டைகள், அப்புறம் உள்வட்டம், கடைசியாக வெளிவிளிம்பு. வெளிவிளிம்பை முதலில் வெட்டினால் பிடித்துக்கொள்ள இடம் இருக்காது. ஓட்டை போட, பழைய ரேடியோ ஆன்டெனாவின் குழாயில் ஒரு துண்டு அறுத்து, வாயைச் சரித்துத் தீட்டி, மரக்கட்டையின் வெட்டுமுகத்தில் வைத்து ஒரு தட்டு. ஆன்டெனாவில் பல விட்டக் குழாய்கள் இருப்பதால் வேண்டிய அளவு கிடைத்துவிடும். 3 மி.மீ. திருகுக்கு ஓட்டை கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும், இல்லையென்றால் காகிதம் சுருளும்.

சிலிகான் பேஸ்ட் போதாதா என்று கேட்கலாம். பிதுங்கி உள்ளே போன பேஸ்ட் பிய்ந்து, கலவை ஏறும் வழியை அடைக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டின் கதை வேறு. அங்கே காகிதம் கருகிவிடும். மெல்லிய செம்பு அல்லது அலுமினிய வளையம்தான் போட வேண்டும். இந்த எஞ்சினில் நேரம் பார்த்துப் பொறி அடிக்கும் ஏற்பாடு கிடையாது. பிளக்கின் பிளாட்டினக் கம்பி, தன்மேல் படும் மெத்தனாலை வினைபுரியத் தூண்டி, அந்தச் சூட்டில் கனன்றுகொண்டே இருக்கும். கலவை எவ்வளவு அமுங்குகிறது என்பதைப் பொறுத்தே அது பற்றும் நேரம் அமையும். அந்த அமுக்கத்தைத் தீர்மானிப்பதில் வளையத்தின் கனமும் சேர்த்தி. 15 மி.மீ. விட்டமும் 14 மி.மீ. ஓட்டமும் (பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம்) உள்ள சிலிண்டரில் அமுக்க விகிதம், அதாவது கலவை எத்தனை மடங்கு அமுங்குகிறது என்பது, 10 என்று வைத்துக்கொள்வோம். 0.1 மி.மீ. வளையம் ஒன்றைக் கூட்டினால் அது ஏறக்குறைய 9.45 ஆகும், ஒன்றை எடுத்தால் 10.6. கலவை சீக்கிரமே பற்றினால் சடசடவென்று சத்தம் வரும், பிளக் கம்பி அறுந்துபோகும்.

குளிர்பான டின்னின் சுவர் ஏறக்குறைய 0.1 மி.மீ. கனம்; பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு வெட்டலாம். (சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட்டும் ஒரு காலத்தில் மேட்டூர் ஆலையில் அலுமினியமாகியிருக்கிறது.) செம்புத் தகடு இன்னும் நல்லது. ஆனால் உருட்டி மெலிதாக்கிய தகடு விறைத்திருக்கும், பள்ளத்தில் இறங்காது. மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கினால் உள்ளே நெளிந்து சிக்கிய படிகங்கள் புதிதாக உருவாகி, உலோகம் இளகிக்கொடுக்கும். சேலம் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகளில் வெள்ளிக் கம்பியை இழுக்க இழுக்க நடுநடுவே சூடுபடுத்துவதும் இதற்காகத்தான். செம்பைத் தண்ணீரில் போட்டு ஆற்றினாலும் எஃகு மாதிரி கடினமாகாது.

சேலத்தில் சரியாக ஓடிய எஞ்சின் ஏற்காட்டில் சோர்ந்துபோகும். நகரம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில், ஏற்காடு 1,500 மீட்டர் அளவில்; காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 11 சதவீதம் குறைகிறது. நீடிலைக் கொஞ்சம் மூடி, ஹெட்டில் ஒரு வளையத்தைக் குறைத்தால் இழந்ததில் ஒரு பகுதி திரும்பும். அதற்கு முன்பு பிஸ்டன் தலையில் மெல்லிய சால்டர் கம்பித் துண்டை வைத்து, ஹெட்டைப் பூட்டி, புரொப்பல்லரைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். நசுங்கிய கம்பியின் கனம்தான் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி. அதைவிடக் கனமான வளையத்தை எடுத்தால் பிஸ்டன் இடிக்கும்.

திருகுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். முதல் ஓட்டம் முடிந்து ஆறியதும் காகிதம் அமுங்கியிருக்கும். இன்னொரு முறை முறுக்க வேண்டும். பின்மூடி விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவிப் புரொப்பல்லரைச் சுற்றினால், கசிவு இருக்கும் இடத்தில் குமிழி வரும். வந்தால் கழற்றிக் காகிதத்தைப் பாருங்கள். அச்சு விழாத பக்கத்தில் முகம் வளைந்திருக்கிறது என்று அர்த்தம். கண்ணாடிமேல் நைஸ் எமரி தாளை விரித்து, பின்மூடியை எட்டுப் போடுவது மாதிரி தேய்த்து, முகம் முழுக்க ஒரே நிறம் வந்ததும் நிறுத்தலாம். தேய்த்த தூளைக் கழுவாமல் மட்டும் பூட்டாதீர்கள், பேரிங் போய்விடும்.