உரிமமா, அனுமதிப்பத்திரமா?

முருங்கனில் ஒரு தேநீர்க் கடை. பத்திரிகையை விரித்து வைத்திருந்த ஐயா ஒருவர் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "தம்பி, மன்னார்க் கடலில எண்ணெய் எடுக்கிறதுக்கு உரிமம் குடுக்கப் போறாங்களாம். அப்ப கடலை அவங்களுக்குச் சொந்தமெண்டு உறுதி எழுதிக் குடுத்தாச்சோ?"

அவர் பிழையாக வாசிக்கவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். உரிமம் என்பதன் அடி 'உரி'. உரியது, உரியவர், உரிமை, உரித்து எல்லாம் அதே வேரில் முளைத்தவை. எனக்கு உரியது என்றால் அது என்னுடையது. தமிழ்நாட்டில் 'ஓட்டுநர் உரிமம்' என்று எழுதுவார்கள், இங்கே இலங்கையில் 'சாரதி அனுமதிப்பத்திரம்'. பேச்சில் இரண்டு கரையிலும் லைசென்ஸ்தான். அந்த லைசென்ஸ் 'லிசேரே' என்ற லத்தீன் சொல்வழி வந்தது. ஒன்றைச் செய்யத் தடையில்லாமல் இருப்பது என்பதே அதன் பொருள். சொந்தம் என்ற வாடையே அதில் கிடையாது.

எண்ணெய் விசயத்தில் இந்த வேறுபாடு மிகப் பெரியது. இலங்கையின் கடலடியில் கிடக்கும் பெற்றோலியம் குடியரசின் சொத்து என்றது 2003ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கப் பெற்றோலிய வளங்கள் சட்டம் (2021இல் அதன் இடத்துக்குப் புதிய சட்டம் வந்தது). கம்பனிக்குக் கிடைப்பது, குறித்த ஒரு துண்டில், குறித்த காலத்துக்குத் தேடிப் பார்க்கும் அனுமதி. அதுவும் சும்மா கிடைக்காது. அரசு கேள்விமனு கோரும். விண்ணப்பிப்பவர் தன்னிடம் எவ்வளவு பணம் இருக்கிறது, ஆழ்கடலில் துளையிட்ட அனுபவம் உண்டா, எத்தனை கிணறு தோண்டுவேன் என்பதையெல்லாம் காட்ட வேண்டும். 2008இல் கெய்ர்ன் என்ற எண்ணெய் நிறுவனம் மன்னார்ப் படுகையில் ஏறத்தாழ 3000 சதுர கிலோமீற்றர் துண்டொன்றைப் பெற்றது இப்படித்தான். 2011இல் 1300 மீற்றருக்கும் கூடிய ஆழத் தண்ணீரில் துளையிட்டபோது டொராடோ, பரகுடா என்ற இரண்டு கிணறுகளில் எரிவாயு இருப்பது தெரிந்தது. ஆனாலும் 2015இல் அந்த நிறுவனம் துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனது. சொந்தமாக இருந்திருந்தால் விற்றிருக்கும்.

ஐயாவுக்கு நான் இதையெல்லாம் சொல்லவில்லை. "பெமிற் காணி மாதிரி ஐயா" என்றேன்.

வன்னியில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரத்தில்தான் இங்கே எத்தனையோ குடும்பங்கள் காடு வெட்டிக் குடியேறின. எங்கள் வீட்டுப் பெமிற்றை அப்பா பொலித்தீன் பையில் மடித்து, மேலே இறப்பர் வளையம் போட்டு, ஒவ்வொரு இடப்பெயர்விலும் இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார். மடிப்பு விழுந்த இடங்களில் எழுத்தே அழிந்துவிட்டது. அவ்வளவு காத்த கடதாசியாலும் காணியை நினைத்தபடி விற்க முடியாது. திருத்திப் பயிர் செய்தால்தான் பிறகு அளிப்பு என்ற அடுத்த பத்திரம் வரும். பெமிற் வேறு, உறுதி வேறு என்பது எங்கள் பிள்ளைகளுக்கே தெரியும்.

அதனால் தேடும் கட்டத்துக்கு 'தேடல் அனுமதிப்பத்திரம்' என்று எழுதுவதே நேர்மை என்பது என் கருத்து. அனுமதியும் பத்திரமும் வடசொற்கள்தான். தனித்தமிழ் வேண்டுமென்றால் 'இசைவாணை' இருக்கிறது. இசைவது என்றால் உடன்படுவது, பொருள் அப்படியே பொருந்துகிறது. செய்திகளில் வரும் 'எண்ணெய் அகழ்வு' என்பதைத் தேடலுக்குப் போடக் கூடாது. அகழ்தல் என்றால் தோண்டுதல். தேடலோ, கப்பல் ஒலி அலையை அனுப்பிக் கடலடிப் பாறைகளைப் படம் பிடிப்பதில் தொடங்குகிறது.

எடுக்கும் கட்டத்துக்கு 'உற்பத்தி' என்கிறார்கள். எண்ணெயை யாரும் உண்டாக்குவதில்லை, எடுக்கிறார்கள். ஆனால் அந்தச் சொல் ஊன்றிவிட்டது, இருக்கட்டும். இந்தியாவின் 1959ஆம் ஆண்டு விதிகள் தேடலுக்கு லைசென்ஸ் என்றும் எடுப்பதற்கு லீஸ் என்றும் பிரித்தன. லீஸுக்கு நம்மிடம் 'குத்தகை' இருக்கிறது. குத்தகைக்கு வயல் செய்பவர் எவரும் வயல் தன்னுடையது என்று சொல்வதில்லை.

ஐயா பத்திரிகையை மடித்தார். "அப்ப திருத்தாட்டிப் பறிக்கலாம்?"

"ஓம் ஐயா, பறிக்கலாம்."