கிராண்டு: பட்டாவா, பத்திரமா, இல்ல ரெண்டுமே இல்லையா?

மலேசியாவுல, எங்க பினாங்குல பாதி தமிழ் வீட்டுல அலமாரிக்குள்ள துணிக்கு அடியில ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருக்கும், என்னன்னு கேட்டா "வீட்டு கிராண்டு" அப்படிம்பாங்க. காடி, அதாவது கார், வாங்கினாலும் கிராண்டுதான், பழைய மோட்டார வித்தாலும் "கிராண்ட மாத்திக் குடு"தான்.

போன மாசம் பட்டர்வொர்த்ல தெரிஞ்ச அத்தை ஒருத்தங்க அந்த மாதிரி ஃபைல நீட்டினாங்க. "மாமா பேர்ல கிராண்டு இருக்கு தம்பி, அவர்தான் போய்ட்டாரே, பையன் பேருக்கு மாத்தணும், எந்த லாயர பார்க்கலாம்?" பிரிச்சு பார்த்தா ரப்பர் பேண்ட் போட்ட ரசீதுக் கட்டு, இருபது வருசத்துக்கு மேல இருக்கும், ஒவ்வொண்ணும் அந்தந்த வருசம் டிசம்பர் 31ன்னு முடியுது, மேல "லெசென் மெண்டுடுக்கி செமெந்தாரா"ன்னு இருக்கு. எனக்கு வாயே வரல. அது கிராண்டு இல்ல, டி.ஓ.எல்., அரசு நிலத்துல தற்காலிகமா இருந்துக்கக் குடுக்கிற உரிமம். அத அப்புறம் சொல்றேன், மொதல்ல சொல்லுக்கு வருவோம்.

கிராண்டுங்கிறது இங்கிலீஷ் சொல்லு, மலாய்க்காரங்க அத கெரான் ஆக்கிட்டாங்க, நாம இங்கிலீஷ் உச்சரிப்ப வெச்சு கடைசில ஒரு 'உ' சேர்த்துக்கிட்டோம். இங்கிலீஷுக்கு அது பழைய பிரெஞ்சுல இருந்து வந்தது, அதுக்கும் பின்னாடி போனா லத்தீன்ல 'நம்புறது'ங்கிற வினை நிக்கும். கிரெடிட் கார்டுல இருக்கிற கிரெடிட்டும் அதே வேர்தான். வேர்ல நம்பிக்கை, ஆனா பொருள் காலப்போக்குல 'உறுதி குடுக்கிறது', 'வழங்குறது'ன்னு மாறிடுச்சு. நிலத்துக்கு வர்றப்போ, மாநில அரசு வழங்குனதுக்கான எழுத்து.

1965ஆம் வருசத்து தேசிய நிலச் சட்டத்துல இதுக்குப் பொதுப் பேரு மலாய்ல ஹக்மிலிக். 'ஹக்'னா உரிமை, 'மிலிக்'னா உடைமை, ரெண்டும் அரபு. அதுல ஒரு வகைதான் கெரான், அதாவது காலக்கெடு இல்லாத நிலத்துக்குக் குடுக்கிறது. பஜாக்கான்னு போட்டிருந்தா அது குத்தகை, அதிகபட்சம் 99 வருசம். ரெண்டையும் நம்ம ஆளுங்க கிராண்டுன்னே சொல்றாங்க, வாங்கி பத்து வருசம் கழிச்சு பேப்பர் தலைப்ப படிக்கிறப்போதான் "அட, இது குத்தகையா"ன்னு முழிக்கிறாங்க. கொண்டோ வாங்குனவங்க கதை இன்னும் மோசம், கையில இருக்கிறது வெறும் எஸ் என் பி, அதாவது வாங்கல் விற்றல் ஒப்பந்தம், அந்தந்த மாடி வீட்டுக்குத் தனியா வர்ற ஸ்ட்ராட்டா டைட்டிலே இன்னும் வந்திருக்காது, நிலமோ டெவலப்பர் பேர்ல, ஆனா வாயில மட்டும் கிராண்டு.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? கோயில் நிலம், தமிழ்ப்பள்ளி நிலம்னு செய்தி வந்தா நம்ம பேப்பருங்க 'நிலப்பட்டா'ன்னு போடும். கேக்க நல்லாத்தான் இருக்கு. பட்டாவுக்கு மூலம் சமஸ்கிருத 'பட்ட', அதாவது எழுதுற பலகை, தகடு. செப்புப் பட்டயம்ங்கிறோமே, அதே குடும்பம். ஆனா ஹிந்தில பட்டான்னா குத்தகைப் பத்திரம், தமிழ்நாட்டுல பட்டான்னா வருவாய்த்துறை பதிவு, அது மட்டும் இருந்தா சொத்து உன்னோடதுன்னு ஆகிடாதுன்னு அங்க கோர்ட்டே பல தடவை சொல்லியாச்சு. பத்திரம்? அதுக்கு மூலப் பொருள் இலை. அங்க வீடு வாங்கப் போனா மூலப்பத்திரம், தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் தேடணும், ஒருத்தர் இன்னொருத்தருக்கு எழுதிக் குடுத்த சங்கிலி அது. பினாங்குலயும் ஒரு காலத்துல அப்படித்தான், தேசிய நிலச் சட்டம் 1966ல நடைமுறைக்கு வர்ற வரைக்கும் இங்க பத்திர முறைதான் இருந்தது. அப்புறம் டோரன்ஸ் முறை, 1858ல தெற்கு ஆஸ்திரேலியாவுல ராபர்ட் டோரன்ஸ் கொண்டு வந்தது. இதுல சங்கிலியே கிடையாது, லேண்ட் ஆபீஸ் பதிவேட்டுல யார் பேரு இருக்கோ அவங்கதான் சொந்தக்காரங்க.

சுந்தரர் கல்யாணத்துல கிழவர் வேசத்துல சிவன் வந்து நீ எனக்கு அடிமைன்னு ஓலைய நீட்டுன கதை தெரியும்ல? சுந்தரர் வெடுக்குன்னு பிடுங்கி கிழிச்சுப் போட்டாரு. திருவெண்ணெய்நல்லூர் சபைல கிழவர் அமைதியா சொன்னாரு, கிழிச்சது படியோலை, மூல ஓலை இதோ இருக்குன்னு. நம்ம கிராண்டும் அதேதான். அலமாரில இருக்கிறது படியோலை, மூல ஓலை பதிவகத்துல. கரையான் தின்னாலும் உரிமை போகாது, மாத்துப் பிரதி கேக்கலாம்.

அந்த மாத்துப் பிரதியிலதான் ஆபத்தும் இருக்கு. அடோர்னாங்கிற கம்பெனியோட கேஸ் அப்படித்தான். தஞ்சோங் பூங்கால ஒரு தாய்லாந்து அம்மாவோட நிலத்த, நான்தான் அவங்கன்னு ஒருத்தி போய் கிராண்டு தொலைஞ்சு போச்சுன்னு சத்தியம் பண்ணி பிரதி வாங்கி வித்துட்டா, 2000 கடைசில ஃபெடரல் கோர்ட் நிலத்த வாங்குன அடோர்னா பக்கம் தீர்ப்பு குடுத்துடுச்சு. நாடே அதிர்ந்துச்சு. அது தப்புன்னு அதே கோர்ட் சொல்ல 2010 ஆகிடுச்சு, அந்த அம்மாவுக்கு அதுல என்ன லாபம் சொல்லுங்க. அதனால வாங்குறதுக்கு முன்னாடி பேப்பர மட்டும் பார்க்காம லேண்ட் ஆபீஸ் பதிவேட்டுல யார் பேர் இருக்குன்னு தேடிப் பாருங்க, சர்ச்னு (search) சொல்வாங்க, பெரிய செலவு இல்ல லா.

என்னைக் கேட்டா ஹக்மிலிக்குக்கு 'நில உரிமை ஆவணம்' போதும். கெரான்னா நிரந்தர உரிமை ஆவணம், பஜாக்கான்னா குத்தகை உரிமை ஆவணம். கொஞ்சம் நீளம்தான், ஆனா எத்தனை வருசத்துக்குன்னு பேர்லயே தெரியுது. 'நிலக்கொடை'ன்னும் வெக்கலாம், சொல்லுக்குச் சொல் சரியாவும் இருக்கும், ஆனா அரசு பிரிமியம்னு கட்டுக் கட்டா பணம் வாங்கிட்டு குடுக்கிறத கொடைங்க எனக்கு மனசு வரல.

டி.ஓ.எல்.லுக்கு? தற்காலிகக் குடியிருப்பு உரிமம். உரிமைக்கும் உரிமத்துக்கும் கடைசிலதான் வித்தியாசம். உரிமம் வருசா வருசம் டிசம்பர் 31ல செத்துடும், புதுப்பிக்கணும், விக்க முடியாது, எடுத்தவர் இறந்தா அதோட முடிஞ்சது. அரசு நிலத்துல எத்தனை வருசம் இருந்தாலும் இருந்ததாலயே சொந்தம் ஆகாதுன்னு சட்டத்தோட 48ஆவது பிரிவு நேராவே சொல்லுது.

அத்தைக்கு இதெல்லாம் சொன்னப்போ "வருசம் தவறாம கட்டுனோமே தம்பி"ன்னு அந்த ரசீதுக் கட்டையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. பையன் பேர்ல புதுசா விண்ணப்பம் போடலாம், குடுப்பாங்களான்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது, அந்த ரசீதுங்கள சேர்த்து வெச்சு குடுப்போம்னு பேசியிருக்கோம். திங்கட்கிழமை விண்ணப்ப ஃபாரம் வாங்கப் போறோம்.